ஈரானிய அசைவூட்டக் கலைஞரின் வாழ்வும் தொழிலும்: ஒரு வரலாற்று நோக்கு

கலைஞன் ஒருவனின் வரலாறு அவன் படைத்தவற்றின் பட்டியல் மட்டுமன்று. அவனுக்குத் தாளும் மையும் தந்தவர் யார், அவன் படைத்ததைப் பார்த்தவர் யார், எக்காரணத்தால் அவன் ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்தான் என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளேயாகும். இது எல்லாக் கலைகளுக்கும் பொருந்துமாயினும், காட்டூன் படம் எனப் பொதுவாக வழங்கும் அசைவூட்டத் திரைப்படத்துக்கு மிகக் கூடுதலாகப் பொருந்தும். கவிஞன் சிறையிலிருந்தும் பாடலாம். ஓவியன் வாடகை அறையொன்றில் இருந்துகொண்டே தீட்டலாம். அசைவூட்டப் படம் செய்வோனுக்கு அவ்வசதி இல்லை. திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. பத்து நிமிடப் படமொன்றுக்கு 14,400 சட்டகங்கள் வேண்டும். ஒரு சித்திரத்தை இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 சித்திரங்கள் வரையப்பட்டு, ஒவ்வொன்றாகக் கமெராவின் கீழ் வைக்கப்படுதல் வேண்டும். மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், நிகழும் இவ்வுழைப்பை யாரோ ஒருவர் தாங்கியாக வேண்டும்.

வால்ற் டிஸ்னியைத் தாங்கியது சந்தை. சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் தாங்கியது அரசு. ஈரானிலே தாங்கியது யாது? அதற்குக் கலைஞர் செலுத்திய விலை யாது? தாங்கிய தூண் அசைந்தபோது அவர்களுக்கு நேர்ந்தது யாது? இவ்வினாக்களினூடாக நோக்கும்போதே ஈரானிய அசைவூட்டக் கலைஞரின் வாழ்வு வெறும் பெயர்களும் விருதுகளும் என்ற நிலையைக் கடந்து வரலாறாகப் புலப்படும்.

தோற்றுவாய்

ஈரானிய அசைவூட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் அதனைத் தென்கிழக்கு ஈரானிலுள்ள ஷஹ்ரே சுக்தே என்னும் தொல்நகரிலிருந்து தொடங்குவர். ‘எரிந்த நகரம்’ எனப் பொருள்படும் அவ்விடத்திலே இத்தாலிய அகழ்வாய்வாளர் கண்டெடுத்த மட்கிண்ணமொன்றின் புறத்தே ஐந்து படங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஆடொன்று மரத்தை நோக்கித் துள்ளி எழுந்து இலையைக் கவ்வும் செயலின் ஐந்து கணங்களே அவை. ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடைய அக்கிண்ணத்தைச் சுழற்றிப் பார்த்தால் ஆடு பாய்வது போலத் தோன்றும். உலகின் முதல் அசைவூட்டம் இதுவே என ஈரானியர் பெருமையுடன் கூறுவதுண்டு.

இப்பெருமை இயல்பானது, எனினும் வரலாற்றாசிரியன் இங்குச் சற்று நின்று நிதானித்தல் வேண்டும். அக்குயவனுக்கும் இருபதாம் நூற்றாண்டுக் கலைஞருக்கும் இடையே தொடர்ச்சியான மரபு எதுவும் இல்லை. முதலாவது ஈரானிய அசைவூட்டப் படம் 1957ஆம் ஆண்டிலே தோன்றியபோது அக்கிண்ணம் இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஆதலின் மூதாதையைத் தேடுவதிலும் பார்க்க, 1957இல் அப்படத்தைச் சாத்தியமாக்கிய சூழலைத் தேடுவதே பயனுடையதாகும்.

அப்படத்தை வரைந்தவர் இஸ்பந்தியார் அகமதியே. ஓவியரான இவர் அரசின் நுண்கலைத் திணைக்களத்திலே பணியாற்றியவர். அசைவூட்டத்தைக் கற்பிக்கும் பள்ளியோ அதற்கென அமைந்த கூடமோ அக்காலத்தில் ஈரானில் இருக்கவில்லை. திரையரங்குகளில் ஓடிய அமெரிக்கச் சித்திரப்படங்களே எடுத்துக்காட்டாக அமைந்தன. முல்லா நஸ்ருதீனைப் பாத்திரமாகக் கொண்டு அவர் செய்த படம் ஒரு நிமிடம்கூட ஓடாதது. ஆயின் கலையின் முதலடி அரச திணைக்களமொன்றின் மேசையிலே வைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. மேற்கொண்டு நிகழ்ந்தவற்றின் போக்கு அதிலேயே முன்னறிவிக்கப்பட்டது எனலாம்.

அக்காலத்து ஈரானிய வணிகத் திரைப்பட உலகு இக்கலைக்கு இடமளிக்கவில்லை. ஆடலும் பாடலும் சண்டையும் நிறைந்து, விமரிசகர்களால் ‘பில்மேபார்சி’ என இகழ்ச்சியாகச் சுட்டப்பட்ட படங்களும், அமெரிக்க, இந்திய இறக்குமதிப் படங்களுமே அரங்குகளை நிறைத்திருந்தன. செலவு மிக்கதும் வருவாய்க்கு உத்தரவாதம் அற்றதுமான அசைவூட்டத்தை எந்தத் தயாரிப்பாளரும் நாடவில்லை. விளம்பரத்துக்கு மட்டும் அது சிறிது பயன்பட்டது. பிராக் நகரிலே திரைப்படக் கல்வி பயின்று 1960களில் நாடு திரும்பிய நுஸ்ரதுல்லா கரீமி, பண்பாட்டுக் கலை அமைச்சின் அசைவூட்டப் பிரிவை வளர்ப்பதிலே பங்கு கொண்டார். எனினும் அவருடைய பெயர் மக்களிடையே பரவியது நடிகராகவும் கதைப்பட நெறியாளராகவுமே. அசைவூட்டம் மட்டும் ஒருவனுக்குச் சோறு போடாது என்பதற்கு அவருடைய தொழில் வாழ்வே முதற் சான்றாகும்.

கானூன்: அரண்மனையும் கறுப்பு மீனும்

இந்நிலையை மாற்றியது 1965இல் நிறுவப்பட்ட சிறுவர், இளைஞரின் அறிவு வளர்ச்சிக்கான நிறுவனம் ஆகும். மக்கள் வழக்கில் அது ‘கானூன்’ எனவே சுருங்க அழைக்கப்படுகின்றது. சட்டத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிய ‘கானூன்’ வேறு; பாரசீகத்தில் இச்சொல் அடுப்பு, மையம் என்னும் பொருள்களைத் தருவது. அரசி பராவின் ஆதரவிலும் லிலி அமீர் அர்ஜுமந்தின் நிர்வாகத்திலும் இயங்கிய இந்நிறுவனம் நகரங்களில் சிறுவர் நூலகங்களைத் திறந்தது, கிராமங்களுக்கு நடமாடும் நூலகங்களை அனுப்பியது, நூல்களை வெளியிட்டது. 1966 முதல் சிறுவர் திரைப்படங்களுக்கான சர்வதேச விழாவைத் தெஹ்ரானில் நடத்தியது. உலகெங்கிலுமிருந்து வந்த அசைவூட்டப் படங்களை ஈரானிய இளைஞர் கண்டது இவ்விழாவிலேயே. 1960களின் முடிவிலே கானூன் தனக்கெனத் திரைப்படப் பிரிவொன்றை அமைத்தது. பின்னர் உலகப் புகழ் பெற்ற அப்பாஸ் கியாரொஸ்தமி அதனை உருவாக்கியோருள் ஒருவர்.

கானூனின் அமைப்பில் ஒரு முரண்பாடு பொதிந்திருந்தது. அதனைப் போற்றியது அரண்மனை. அதனுள்ளே இயங்கியவர்களிற் பலரோ அரண்மனையின் ஆட்சியை ஏற்காதவர்கள். 1965இல் ஷா மன்னர் மீது நிகழ்ந்த கொலை முயற்சியைத் தொடர்ந்து கைதான இடதுசாரி இளைஞருள் ஒருவர் பிரூஸ் ஷிர்வான்லூ. சிறையிலிருந்து மீண்ட பின்னர் இவரே கானூனின் வெளியீட்டுப் பணிகளுக்குப் பொறுப்பாக அமர்ந்தார். கலைஞர் பலரை அங்கு ஒன்று திரட்டியவரும் இவரே.

கானூன் 1968இல் வெளியிட்ட ‘சின்னஞ்சிறு கறுப்பு மீன்’ என்னும் சிறுவர் நூல் இம்முரண்பாட்டின் உச்சம் எனலாம். அதன் ஆசிரியர் சமத் பெஹ்ரங்கி, ஈரானின் அசர்பைஜான் கிராமங்களிற் கற்பித்த ஆசிரியர். ஓடையின் எல்லையைக் கடந்து கடலைக் காணப் புறப்படும் மீனின் கதையை வாசகர் அடக்குமுறைக்கு எதிரான உருவகமாகவே கொண்டனர். நூல் வெளிவந்த ஆண்டிலேயே பெஹ்ரங்கி அராஸ் நதியில் மூழ்கி இறந்தார். அரச உளவுத்துறையே அதற்குக் காரணம் என மக்கள் நம்பினர். அந்நூலுக்குப் படம் வரைந்த பர்ஷித் மெஸ்காலிக்கோ உலகப் புகழ் கிடைத்தது. 1974இல் சிறுவர் நூல் ஓவியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அரசியின் நிதியிலே அச்சான நூல் அரசனின் எதிரிகளுக்குக் கொடியானது. மெஸ்காலியும் அவருடைய தோழர்களும் அசைவூட்டத்தினுள் நுழைந்தது இத்தகைய சூழலிலேயாகும்.

வேறு துறைகளிலிருந்து வந்தோர்

கானூனின் முதல் தலைமுறையினரை நோக்கும்போது ஓருண்மை தெளிவாகின்றது. அவர்களுள் எவரும் அசைவூட்டத்தைத் தொழிலாகக் கருதி வாழ்வைத் தொடங்கியவரல்லர். மெஸ்காலியும் முர்தஸா முமையிஸும் அராபிக் பக்தசாரியனும் வரைகலையாளர். சுவரொட்டியும் நூலட்டையும் சஞ்சிகையும் அவர்களுடைய களம். அலி அக்பர் சாதெகி ஓவியர். நூருத்தீன் ஸரீன்கெல்க் மருந்தியல் கற்றுப் பட்டம் பெற்றவர். கேலிச்சித்திரமும் பாடநூற் படங்களும் வரைந்து வந்தவர். ஈரானிய அசைவூட்டத்தின் தனித்தன்மை பெருமளவு இதன் விளைவே. டிஸ்னிக் கூடத்தில் உருவாகியவர் அசைவிலிருந்து சித்திரத்தை நோக்கிச் சென்றனர். இவர்களோ சித்திரத்திலிருந்து அசைவை நோக்கி வந்தனர். ஆதலின் இவர்களுடைய படங்களில் ஒவ்வொரு சட்டகமும் சுவரில் மாட்டத்தக்க ஓவியமாக அமைய, அசைவு சிக்கனமாகவே கையாளப்பட்டது. ஆளும் பணமும் குறைந்த சூழலில் அச்சிக்கனம் தேவையுமாயிற்று.

1970ஆம் ஆண்டு இத்தலைமுறையின் தொடக்கம். மெஸ்காலியின் ‘பூத மகாராசர்’, பக்தசாரியனின் ‘பாரந்தூக்கி’ ஆகியன அவ்வாண்டுக்குரியன. மெஸ்காலி தொடர்ந்து ‘சிறுவனும் இசைக்கருவியும் பறவையும்’ (1971), ‘சாம்பல் நகரம்’ (1972) முதலியவற்றைச் செய்தார். ஈரானிய வரைகலையின் தந்தை எனப் போற்றப்படும் முமையிஸ் ‘கனவு கண்டவனும் செய்து முடித்தவனும்’ (1971), ‘ஒரு பச்சைப் புள்ளி’ (1972) ஆகிய படங்களைத் தந்தார். நபீஸே ரியாஹி இக்குழுவிலே இணைந்து ‘வானவில்’ (1973) முதலிய படங்களை நெறிப்படுத்தி, ஈரானின் முதற் பெண் அசைவூட்டக் கலைஞர் எனப் பெயர் பெற்றார்.

இவர்களுள் மரபை மிக ஆழமாகப் பற்றியவர் சாதெகி. பாரசீக நுண்ணோவியமும், கோப்பிக்கடைச் சுவர்களிலே கதைசொல்லிகளின் துணைக்கெனத் தீட்டப்பட்ட வீரகதை ஓவியமும் அவருடைய ஊற்றுக்கள். ‘ஏழு நகரங்கள்’ (1971), ‘மலர் மழை’ (1972), சதுரங்கக் காய்கள் உயிர்பெற்றுப் பொருதும் ‘ரூக்’ (1974), ‘சூரிய மன்னன்’ (1975), பிர்தௌசியின் ஷாநாமாவிலிருந்து எடுத்த ‘ஸாலும் சீமுர்க்கும்’ (1977) ஆகியன அவருடைய படங்கள். நரைமயிருடன் பிறந்தமையால் தந்தையாற் கைவிடப்பட்ட குழந்தையைச் சீமுர்க் என்னும் பெரும் பறவை வளர்த்த கதையே இறுதியிற் கூறப்பட்டது. பழைய ஏட்டிலே அசையாது நின்ற உருவங்களைச் சாதெகி நடக்கச் செய்தார். ஆயின் அவை நடக்கும்போதும் ஏட்டின் இலக்கணத்தை மீறவில்லை.

ஸரீன்கெல்க்கின் வாழ்வு வேறொரு வகையில் முக்கியமானது. ‘பொன் எழுதுகோல்’ எனப் பொருள்படும் பெயரையுடைய இவரைக் கானூன் பெல்ஜியத்தின் கெந்த் நகருக்கு அனுப்பியது. அங்கே அரச நுண்கலைக் கல்லூரியில் ராவுல் செர்வே 1963இல் நிறுவிய அசைவூட்டப் பிரிவு இயங்கி வந்தது. செர்வேயிடம் பயின்ற காலத்திலேயே ‘கடமை முதலில்’ (1971) என்ற படத்தைச் செய்த ஸரீன்கெல்க், நாடு திரும்பி ‘பைத்தியப் பைத்தியப் பைத்திய உலகம்’ (1975), ‘அமீர் ஹம்ஸா’ (1977) முதலியவற்றைத் தந்தார். படங்களிலும் பார்க்க அவருடைய பெரும் பணி ஆசிரியப் பணியே. 1970களின் நடுப்பகுதியிலே கானூனில் அவர் தொடங்கிய பயிற்சியே ஈரானில் முறையான அசைவூட்டக் கல்வியின் தொடக்கம். கலைஞர் தாமாகத் தட்டித்தடவிக் கற்ற காலம் அதனுடன் முடிவுற்றது.

‘குழந்தைகளுக்காக’ என்னும் கவசம்

இப்படங்கள் யாவும் சிறுவருக்கானவை எனவே பதியப்பட்டன. அவற்றின் பொருளை நோக்குவோருக்கோ ஐயம் எழும். ‘மலர் மழை’யிலே இரு அண்டை நாட்டு மன்னர், வேட்டையில் வீழ்ந்த பறவை யாருக்குரியது என்ற பிணக்கில் போர் தொடுக்கின்றனர், சிறுவர்கள் இரவோடிரவாகப் பீரங்கிகளில் மலர்களை இட்டு நிரப்புகின்றனர். ‘பைத்திய உலக’த்திலே தேசப்படத்தின் நாடுகள் விலங்குகளாக மாறி ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. எண்ணெய் விலை உயர்ந்து, மன்னர் உலகின் நவீன ஆயுதங்களை வாங்கிக் குவித்த ஆண்டுகளில் வெளிவந்த படங்கள் இவை என்பதை மறத்தலாகாது. கியாரொஸ்தமியின் ‘என்னாலும் முடியும்’ (1975) என்ற குறும்படம் நடிப்பையும் அசைவூட்டத்தையும் இணைக்கின்றது. திரையிலே கங்காரு துள்ளும்போதும் மீன் நீந்தும்போதும் ‘என்னாலும் முடியும்’ எனச் செய்துகாட்டும் சிறுவன், பறவை பறக்கும்போது திகைத்து நிற்கின்றான். இதனைக் குழந்தை விளையாட்டாகவும் காணலாம். மனித சுதந்திரத்தின் எல்லை பற்றிய வினாவாகவும் காணலாம்.

பெரியோருக்கான படத்தைத் தணிக்கையாளன் கூர்ந்து பார்த்தான். சிறுவர் படத்தை அவ்வாறு பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. வணிக வெற்றி என்ற நெருக்கடியும் கானூனிலே இல்லை. இவ்விரு விடுதலைகளும் ஒருங்கே வாய்த்தமையாலேயே பத்து ஆண்டுகளுக்குள் இத்துணைப் படைப்புகள் தோன்றின.

ஆயின் கவசம் பாதுகாப்பதுடன் மறைக்கவும் செய்யும். பெரும்பாலும் நூலகங்களிலும் விழாக்களிலும் காட்டப்பட்ட இப்படங்கள் நகரத்துப் பெருந்திரையரங்குகளுக்குச் செல்லவில்லை. விலை கொடுத்துச் சீட்டு வாங்கும் பார்வையாளரை இக்கலைஞர் பெறவேயில்லை. சர்வதேச நடுவர்கள் அறிந்த அளவுக்கு இவர்களைச் சொந்த நாட்டுத் திரைப்பட இரசிகர் அறிந்திருந்தனர் எனக் கூறுதல் கடினம். ஓர் அடுப்பில் மட்டுமே தீ எரிந்தது. அது அணையுமாயின் வேறு எங்கும் சமைக்க இயலாது என்பதே அவர்களுடைய நிலை.

1979: முறிவும் தொடர்ச்சியும்

1979ஆம் ஆண்டின் புரட்சி மன்னராட்சியை வீழ்த்தியது. அரசியின் பெயருடன் பிணைந்திருந்த நிறுவனம் அழிந்துபோகும் என எதிர்பார்த்திருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. புதிய அரசும் சிறுவர் கல்வியைத் தன் பணியாகவே கருதியமையால் கானூன் கைமாறியதேயன்றி மூடப்படவில்லை. நூலகங்கள் இயங்கின; கியாரொஸ்தமி அங்கிருந்தே 1987இல் ‘நண்பனின் வீடு எங்கே?’ என்ற படத்தைச் செய்தார்.

நிறுவனம் தொடர்ந்தது, மனிதரின் தொழில் வாழ்வு முறிந்தது. மெஸ்காலி 1979இல் பாரிஸ் சென்று, பின்னர் 1986இல் கலிபோர்னியாவிலே குடியேறினார். ஓவியரும் வரைகலையாளருமாக அவர் வாழ்வு தொடர்ந்ததேயொழிய, அசைவூட்டம் முன்போல் அதன் நடுவே நிற்கவில்லை. சாதெகி கன்வஸ் துணிக்குத் திரும்பினார். முமையிஸ் வரைகலையிலும் கற்பித்தலிலும் நிலைத்து, 2005இல் மறைந்தார். கரீமி தாம் முன்னர் நெறிப்படுத்திய ‘முஹல்லில்’ (1971) என்ற கதைப்படத்தின் பொருட்டுக் கைதாகி, விடுதலையான பின்னரும் திரைப்படத் துறையிலிருந்து விலக்கப்பட்டார். சிற்பமும் பொம்மையாக்கமும் கற்பிப்பதிலே காலங்கழித்து 2019இல் காலமானார். ஆற்றல் உச்சத்தில் நின்ற நாற்பது வயதுத் தலைமுறையொன்று பல திசைகளிற் சிதறியது.

1980 முதல் 1988 வரை நீண்ட ஈராக்குடனான போர் மேலுமொரு தடையாயிற்று. திரைப்படச்சுருளும் வேதிப்பொருளும் இறக்குமதிப் பண்டங்கள். போர்க்கால அந்நியச் செலாவணியில் அவற்றுக்கு முதலிடம் கிடைக்கவில்லை. தொலைக்காட்சியோ ஜப்பானியத் தொடர்களை வாங்கி மொழிமாற்றி ஒளிபரப்பியது. தாயைத் தேடி அலையும் ஹட்ச் என்னும் தேனீயின் கதையைப் பார்த்து ஒரு தலைமுறை ஈரானியக் குழந்தைகள் கண்ணீர் வடித்தனர். அதே வேளையில் தெஹ்ரானின் கலைஞர் பத்து நிமிடப் படமொன்றுக்காக வருடக்கணக்கிற் காத்திருந்தனர்.

இக்காலத்திலே நாட்டில் தங்கிய ஸரீன்கெல்க்கின் பங்கு மதிக்கத்தக்கது. ‘வல்லரசுகள்’ (1982) முதலிய படங்களைச் செய்ததுடன் கற்பித்தலையும் அவர் கைவிடவில்லை. 1980களின் பிற்பகுதியில் சர்வதேச அசைவூட்டத் திரைப்படச் சங்கத்தின் ஈரானியக் கிளையைத் தோற்றுவித்தார். முன்னர் அவருடைய ஆசிரியர் செர்வே தலைமை தாங்கிய அச்சர்வதேசச் சங்கத்துக்குப் பின்னாளில் மாணவராகிய அவரும் தலைவரானார்.

பொம்மையும் துணியும்

போருக்குப் பிந்திய தலைமுறை முன்னையோர் போலத் தீட்டிய சித்திரத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. அப்துல்லா அலிமுராத் கானூனில் பொம்மைகளைக் கொண்டு சட்டகம் சட்டகமாகப் படம் பிடித்தார். 1990களிலே வந்த ‘கடைத்தெருக் கதைகள்’, ‘இரத்தினமலை’ ஆகியன அவருக்குப் பெயர் தேடித் தந்தன. பர்கொந்தே துராபி துணியும் நூலும் கொண்டு உருவங்களை அமைத்தார். முர்தஸா அகதியுடன் சேர்ந்து அவர் செய்த ‘ஷங்கூலும் மங்கூலும்’ (2000), தாயாடு வெளியே சென்ற வேளையில் ஓநாய் வந்து கதவைத் தட்டும் நாட்டார் கதையைத் தழுவியது. கம்பளமும் தையலும் ஈரானிய வீடுகளிற் பெண்களின் கைத்திறனாக வழிவழி வந்தவை; அக்கைத்திறன் இப்படங்களிலே திரைமொழியாக உயர்ந்தது எனலாம். 1999இல் கானூன் தெஹ்ரான் சர்வதேச அசைவூட்டத் திரைப்பட விழாவைத் தொடங்கியமையும் இவ்வளர்ச்சியின் அறிகுறியே.

சந்தையும் புலம்பெயர்வும்

1990களின் பின்னர் இரு புதிய வழிகள் திறந்தன. ஒன்று தொழிலாக்கம். அரச ஒலிபரப்பு நிறுவனத்தைச் சார்ந்து சபா என்னும் அசைவூட்ட நிலையம் அமைந்தது. கணினியின் வருகையால் பெரும் படக்கூடம் இன்றியும் படம் செய்தல் இயல்வதாயிற்று. போக்குவரத்துப் பொலிசாரின் அறிவுரைப் படங்களால் மக்களிடையே அறிமுகமான பஹ்ராம் அஸீமி, முப்பரிமாண முழுநீளப் படமாகிய ‘தெஹ்ரான் 1500’ஐ 2013இல் அரங்குகளுக்குக் கொணர்ந்தார். ஷாநாமாவைத் தழுவி அஷ்கான் ரஹ்குசர் செய்த ‘இறுதிக் கதை’ (2018) பிரான்சின் அன்னசி விழாவரை சென்றது. ‘டொல்பின் சிறுவன்’ (2022) ரஷ்யத் திரையரங்குகளிலும் ஓடியது. முதல் தலைமுறை பெறாத பார்வையாளரை இவர்கள் பெற்றனர். ஆயின் விதிகளும் உடன் வந்தன. சித்திரத்தில் வரைந்த பெண்ணுக்கும் முக்காடு வேண்டுமா என்ற வினாவுக்கு, அதனைப் பேணாவிடின் நேரும் விளைவுகளைக் கருதி அது வேண்டும் என 2021இல் ஈரானின் உயர்தலைவர் விடையளித்தார். முன்னர் சிறுவர் படத்தைக் கவனியாது விட்ட கண் இப்போது சித்திரப் பெண்ணின் கூந்தலையும் கவனித்தது.

மற்றையது புலம்பெயர்வு. மர்ஜான் சத்ராபி, வின்சென்ற் பரொனோவுடன் இணைந்து பிரான்சிலே செய்த ‘பெர்செபொலிஸ்’ (2007), புரட்சிக் காலத்துச் சிறுமி ஒருத்தியின் வாழ்வைக் கறுப்பு வெள்ளையில் வரைந்து, கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஈரானின் அரசு சார்ந்த திரைப்பட நிறுவனம் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. ஜேர்மனியில் வாழும் அலி சூசந்தே ‘தெஹ்ரான் தபூ’ (2017) என்ற படத்திலே நடிகரை ஐரோப்பாவிற் படம்பிடித்து, அதன் மேல் தெஹ்ரானை வரைந்தார். சபீதே பார்சியின் ‘சங்கொலி’ (2023) 1980இல் முற்றுகைக்குள்ளான எண்ணெய் நகரமாகிய அபாதானை மீட்டுருவாக்கியது. இம்மூன்றும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. கமெரா செல்ல முடியாத நாட்டுக்கு எழுதுகோல் செல்லும். கதைப்பட நெறியாளன் புலம்பெயரும்போது தெருவையும் முகத்தையும் வெயிலையும் இழக்கின்றான். அசைவூட்டக் கலைஞன் அவற்றைத் தாளிலே மீண்டும் கட்டியெழுப்பலாம். எனினும் இப்படங்கள் சொந்த நாட்டு அரங்குகளில் ஓட இயலாதவை. எவருடைய வாழ்வைச் சொல்கின்றனவோ அவர்களை நேர்வழியில் அடைய இயலாமையே இவ்விடுதலையின் விலை.

முடிவுரை

2025 மார்ச்சிலே ஹுசைன் முலாயமி, ஷீரின் சொஹானி ஆகிய இருவரும் நெறிப்படுத்திய ‘சைப்பிரசு மரநிழலில்’ என்ற 20 நிமிடப் படம் சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. ஈரானிய அசைவூட்டத்துக்குக் கிடைத்த முதல் ஒஸ்கார் இதுவாகும். போரின் நினைவால் மனம் சிதைந்த முன்னாள் கப்பற் தலைவனும் அவன் மகளும் கரையொதுங்கிய திமிங்கிலமும் இடம்பெறும் அப்படத்திலே உரையாடல் இல்லை. அதனைச் செய்து முடிக்க ஆண்டுகள் பல சென்றன. படைப்பாளருக்கு விசா விழாவுக்கு முந்திய நாளே கிடைத்தமையால், சில மணித்தியாலங்களுக்கு முன்னரே அவர்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தனர். அப்படத்தைத் தயாரித்தது கானூன் என்பதே ஈண்டு முதன்மையாகக் கருதத்தக்கது.

அறுபதாண்டுகளில் ஓர் அரசு வீழ்ந்து மற்றோர் அரசு எழுந்தது. எட்டாண்டுப் போர் நிகழ்ந்தது. பொருளாதாரத் தடைகள் இறுகின. அவற்றையெல்லாம் கடந்து அந்நிறுவனம் நின்றது. ஆயின் அதனை நிற்கச் செய்தவர் பலரின் தொழில் வாழ்வு பத்தாண்டுக்கு மேல் நீடிக்கவில்லை என்பதையும் வரலாறு பதிந்துள்ளது. அரசின் ஆதரவு சந்தை தராத ஒன்றை, அதாவது காலத்தை, இக்கலைஞருக்குத் தந்தது; இருபது நிமிடங்களுக்காக ஆண்டுகளைச் செலவிட எந்த வணிகனும் உடன்படான். அதே ஆதரவு, யார் பேசலாம், எதுவரை பேசலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றையும் தீர்மானித்தது. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும் உரிமை கலைஞரிடம் இருக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே கலையை அழியாது காத்தது கற்பித்தல் மரபே எனல் பொருந்தும். கெந்த் நகரில் ஒருவர் கற்றது தெஹ்ரானிலே வகுப்பாகியது. அவ்வகுப்பிலிருந்து தொடங்கிய கல்வி கலைக்கழகங்களுக்குப் பரவியது. அங்கே பயின்றோர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் படம் செய்கின்றனர். மன்னரும் அமைச்சரும் வழங்கிய நிதி காலத்துக்குக் காலம் நின்றது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் மற்றவருக்குக் காட்டிக்கொடுத்த கைப்பழக்கம் நிற்கவில்லை. சிறிய நாடுகளிலும் சிறிய மொழிகளிலும் செலவு மிக்க கலையொன்றை வளர்க்க விரும்புவோர் ஈரானிய அனுபவத்திலிருந்து பெறத்தக்க பாடம் அதுவேயாகும்: நிறுவனத்தைக் கட்டுவது போதாது, அது கைமாறும் நாளுக்கு முன்னரே மாணவரை உருவாக்குதல் வேண்டும்.